கடலில் நின்ற எஞ்சின்: காபரேட்டரைக் கழற்ற முந்திப் பார்க்க வேண்டியவை

மாரி முடிந்து கடல் தணிகிற தை, மாசியில் எங்கள் கிழக்கிலங்கைக் கரைகளில் காலையில் அதிகம் கேட்பது எஞ்சினை ஓடவைக்கக் கயிறு இழுக்கிற சத்தம்தான். கார்த்திகையில் கரையேற்றிப் படங்கால் மூடி வைத்த போட்டுகளைத் திரும்ப இறக்குகிற காலம் அது. பாலமீன்மடுவிலும் சரி, வாழைச்சேனையிலும் சரி, கல்முனைப் பக்கத்திலும் சரி, எவ்வளவு இழுத்தும் எடுக்காத எஞ்சின் ஒன்றையாவது அப்போது காணலாம். உடனே ஆட்கள் ஸ்பானரை எடுத்துக்கொண்டு, எரிபொருளையும் காற்றையும் கலக்கிற காபரேட்டரைத்தான் கழற்றப் போவார்கள். பாதிக் கோளாறு காபரேட்டருக்கு வெளியே இருக்கும்போது அதைக் கழற்றினால், இல்லாத கோளாறு ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறோம்.

இதை நான் கற்றது நாவலடிக்கு நேரே கடலில். வலை இழுத்துவிட்டுத் திரும்பும்போது எஞ்சின் வேகம் மெல்ல மெல்ல இறங்கி நின்றுவிட்டது. மச்சான் கயிறு இழுத்தான். எடுத்தது, அரை நிமிடம் ஓடியது, திரும்ப நின்றது. நான் அலையில் ஆடுகிற போட்டில் குந்தியிருந்து காபரேட்டரின் கிண்ணத்தைத் திறந்தேன். திருகாணி ஒன்று கை நழுவிக் கடலில் போனது. இன்னொரு போட் வந்து எங்களைக் கட்டி இழுத்துக் கரை சேர்த்தது. கரையில் இருந்த மெக்கானிக், ‘நானா’ என்று நாங்கள் கூப்பிடும் மூத்தவர், எஞ்சின் பக்கம் போகவே இல்லை. நேரே எரிபொருள் தாங்கியிடம் போய், மூடியில் உள்ள காற்றுத் திருகைத் தளர்த்தினார். ஸ்ஸ் என்று காற்று உள்ளே போனது. “தம்பி, காபரேட்டரில கை வைக்க முந்தித் தாங்கி மூடியப் பாருங்க” என்றார். முதல் நாள் மழைக்கு நான் இறுக்கி மூடிய திருகு அது.

அன்றிலிருந்து எரிபொருள் வருகிற வழியிலேயே நானும் தேடிப் போகிறேன். வழி இதுதான்: தாங்கி, மூடியின் காற்றுத் திருகு, உள்ளே தொங்கும் உறிஞ்சு குழாயின் வலை, ஹோஸ், அதன் நடுவே கையால் அமுக்குகிற ரப்பர் குமிழ், எஞ்சினில் செருகுகிற பூட்டு, பில்டர், எரிபொருள் பம், கடைசியாகத்தான் காபரேட்டர். எந்தக் குணங்குறி தெரிகிறதோ அதை வைத்து, இந்த வழியில் எங்கே நிற்க வேண்டும் என்று கண்டுபிடிக்கலாம்.

நான் எழுதுவது 15, 25 குதிரைவலு டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களைப் பற்றி. அம்பாறை வயல்களில் தண்ணீர் இறைக்கும் சிறிய பெற்றோல் பம்புகளின் காபரேட்டரும் பெரும்பாலும் இதே தத்துவம்தான். தாங்கி மேலே இருப்பதால் அவற்றில் ரப்பர் குமிழ் இருக்காது.

தொடங்க முந்தி இரண்டு எச்சரிக்கை. எஞ்சினைக் கரையில் சும்மா ஓட்டிப் பார்க்காதீர்கள். தண்ணீர் இல்லாமல் ஓடினால், எஞ்சினைக் குளிரவைக்கத் தண்ணீர் இறைக்கும் ரப்பர் விசிறி கொஞ்ச நேரத்திலேயே கருகிப்போகும். பீப்பாய் நிறையத் தண்ணீர் விட்டு, எஞ்சினின் அடிக்காலை (தண்ணீருக்குள் இருக்கும் கீழ்ப்பகுதியை) அதில் இறக்கி ஓட்டுங்கள். அடுத்தது, எரிபொருள் திறந்திருக்கும் இடத்தில் பீடியும் வேண்டாம், எரிபொருளைப் பற்றவைக்கும் பிளக்கில் நெருப்புப் பார்ப்பதும் வேண்டாம். ஒன்றை மூடிய பிறகே மற்றதைச் செய்யுங்கள்.

எத்தனை தடவை இழுத்தாலும் எடுக்கவே இல்லை

முதலில், ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்துகிற பாதுகாப்புக் கயிற்றின் பூட்டு சுவிட்சில் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அது கழன்றிருந்தால் நாள் முழுக்க இழுத்தாலும் எடுக்காது. பிறகு பிளக்கைக் கழற்றுங்கள். பிளக் என்ன சொல்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மற்ற எல்லாம்.

பிளக் காய்ந்திருந்தால் எரிபொருள் வரவில்லை. ரப்பர் குமிழை அதன் அம்புக்குறி மேலே பார்க்கும்படி பிடித்து அமுக்குங்கள். அம்பு எஞ்சின் பக்கம் காட்ட வேண்டும். ஹோஸ் மாற்றும்போது தலைகீழாகப் போட்டவர்களைக் கண்டிருக்கிறேன். நல்ல நிலையில் உள்ள குமிழ் சில அமுக்கலில் கல்லுப்போல இறுகும். இறுகாமலே போனால் எங்கேயோ காற்று இழுக்கிறது, அல்லது குமிழின் உள்ளே இருக்கும் வால்வு பழுது. எஞ்சினில் செருகுகிற பூட்டின் ரப்பர் வளையத்தை வடிவாகப் பாருங்கள். உப்பும் வெயிலும் பட்டு முதலில் வெடிப்பது அதுதான்.

குமிழ் சப்பையாகி, விட்ட பிறகும் நிமிராமல் கிடந்தால் கோளாறு தாங்கிப் பக்கம். காற்றுத் திருகு மூடியிருக்கும், இல்லையென்றால் உறிஞ்சு குழாயின் வலையில் அழுக்கு அடைத்திருக்கும்.

பிளக் நனைந்திருந்தால் எரிபொருள் வருகிறது, ஆனால் எரியவில்லை. அளவுக்கு மிஞ்சி வந்திருக்கலாம். காற்று வழியை அடைக்கிற சோக்கைத் திறந்து, எரிபொருள் ஹோஸைக் கழற்றி, பிளக்குகளை வெளியே எடுத்துவிட்டுப் பத்துத் தடவை இழுங்கள். அப்போது பாதுகாப்புக் கயிற்றைக் கழற்றி வைத்திருக்க வேண்டும். பிளக்கைத் துடைத்துக் காயவைத்துத் திரும்பப் போட்டு, சோக் இல்லாமல் இழுத்துப் பாருங்கள். அதற்கும் எடுக்காவிட்டால் பிளக்கில் நெருப்பு வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் அது மின்சாரக் கோளாறு, இந்த வழியில் அதைத் தேட முடியாது.

எடுக்கிறது, ஒரு நிமிடத்தில் நிற்கிறது

காபரேட்டர் கிண்ணத்தில் இருந்த எரிபொருள் தீரும்வரை ஓடுகிறது, புதிதாக வரவில்லை என்று அர்த்தம். எனக்கு நாவலடியில் நடந்ததும் இதுதான்.

இதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. எஞ்சின் இறங்கத் தொடங்கும் நேரத்தில் ஒருவர் ரப்பர் குமிழை விடாமல் அமுக்கட்டும். அமுக்க அமுக்க எஞ்சின் உயிர் பெற்றால் தாங்கியிலிருந்து குமிழ் வரை வழி திறந்திருக்கிறது. எஞ்சினில் உள்ள எரிபொருள் பம்தான் இழுக்கவில்லை. கடலில் நிற்கும்போது இப்படி அமுக்கிக்கொண்டே கரைக்கு வரலாம். கை வலிக்கும், ஆனால் வந்து சேரலாம்.

பம்மின் உள்ளே மெல்லிய ரப்பர்ச் சவ்வு ஒன்று இருக்கிறது. எஞ்சினின் அடியறையில் காற்றழுத்தம் ஏறி இறங்குவதால் அந்தச் சவ்வு துடித்து எரிபொருளை இழுத்துத் தள்ளும். சவ்வைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் வெளிச்சம் தெரியும். ஓட்டை இல்லாவிட்டாலும் பழைய செருப்புத் தோல் மாதிரி விறைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஒட்டுப்போட்டுச் சமாளிக்கிற சாமான் அல்ல அது.

ஸ்லோவில் (மெல்ல) ஓடவில்லை, வேகத்தில் நன்றாக ஓடுகிறது

இதுதான் உண்மையான காபரேட்டர் கோளாறு. மாரிக்குப் பிறகு அதிகம் வருவதும் இதுவே.

காபரேட்டரில் எரிபொருளுக்கு இரண்டு வழி உண்டு. மெல்ல ஓடும்போது சிறிய ஜெட் (துளையிட்ட பித்தளைத் துண்டு) வழியாக வரும். வேகம் கூட்டினால் பெரிய ஜெட் ஊட்டும். சிறிய ஜெட்டின் துளை மிகவும் நுண்ணியது. பெற்றோல் மாதக்கணக்கில் கிண்ணத்தில் கிடந்தால் அதன் மெல்லிய பகுதி ஆவியாகிப் போய், மிச்சம் வார்னிஷ் மாதிரி மஞ்சளாகப் படிந்துவிடும். முதலில் அடைபடுவது இந்தச் சிறிய துளைதான். சோக்கைப் பாதி இழுத்தால் மட்டும் ஸ்லோவில் ஓடுகிறது என்றால் சந்தேகமே வேண்டாம்.

இங்கே பலர் செய்கிற பிழை, கம்பி விட்டுக் குத்துவது. ஜெட் பித்தளை, கம்பி இரும்பு. ஒரு தடவை குத்தினாலே துளை பெருத்துவிடும். பிறகு ஜெட்டில் வெட்டியிருக்கும் இலக்கத்துக்குப் பொருளே இல்லை. எஞ்சின் எப்போதும் எரிபொருளைக் கூடக் குடிக்கும். எங்களிடம் தங்கூசி என்கிற நைலோன் நூல் இருக்கிறதே, அதில் மெல்லியதொரு துண்டை வெட்டி ஜெட்டுக்குள் விடுங்கள். அழுக்கு போகும், பித்தளை தேயாது. காபரேட்டர் கழுவும் ஸ்பிரே கிடைத்தால் அதை அடித்து ஊற விடுங்கள், இல்லாவிட்டால் சுத்தமான பெற்றோலில் ஓர் இரவு போட்டு வையுங்கள். ரப்பர் சாமான்களை அதற்கு முந்திக் கழற்றிவிட வேண்டும். பிறகு டயர்க் கடையில் காற்று அடித்து ஒவ்வொரு வழியையும் ஊதுங்கள்.

வெளியே தெரிகிற ஸ்லோ கலவைத் திருகையும் கழற்றுவீர்கள். கழற்றுவதற்கு முந்தி அதை மெதுவாக உள்ளே திருகி, முட்டும்வரை எத்தனை சுற்று என்று எண்ணிக் கையில் எழுதிக்கொள்ளுங்கள். திருப்பிப் போடும்போது முட்டவைத்து, அதே அளவு வெளியே எடுக்க வேண்டும். முட்டிய பிறகு இறுக்கினால் ஊசிமுனை நசுங்கிவிடும்.

ஸ்லோ நல்லது, வேகம் கூட்டினால் திணறுகிறது

எஞ்சினுக்கு எரிபொருள் கூடிப்போனதா குறைந்துபோனதா என்பதைச் சோக்கை வைத்தே கண்டுபிடிக்கலாம். திணறும்போது சோக்கைக் கொஞ்சம் இழுங்கள். எஞ்சின் தெளிந்தால் எரிபொருள் குறைவு: பெரிய ஜெட் அடைப்பு, பில்டர் அடைப்பு, அல்லது பம் போதாமல் இருக்கிறது. இன்னும் மோசமானால் எரிபொருள் அதிகம், அல்லது காற்று வழியில் தடை.

எரிபொருள் குறைவு என்று தெரிந்தால் அந்த நிலையில் முழு வேகத்தில் ஓட்டாதீர்கள். இதை நான் மன்றாடியே சொல்வேன். எரிபொருள் கூடிப்போனால் எஞ்சின் புகையும், துப்பும், அதனால் எல்லோருக்கும் விளங்கும். குறைந்துபோன எஞ்சின் கொஞ்ச நேரம் வழக்கத்தை விடச் சுறுசுறுப்பாகக்கூட ஓடும். டூ ஸ்ட்ரோக்கில் ஒயிலும் எரிபொருளோடு கலந்துதான் வருகிறது. எரிபொருள் குறைந்தால் ஒயிலும் குறைகிறது, சூடு ஏறுகிறது. பிறகு ஒரு நொடியில் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு கயிறு ஒரு சாண்கூட வராது.

பிளக்கின் நிறத்தைப் பாருங்கள். தேயிலைச் சாய நிறம் நல்லது. கரிபிடித்து நனைந்திருந்தால் எரிபொருளோ ஒயிலோ கூடுதல். சாம்பல் வெள்ளையாக, வெந்த மாதிரி இருந்தால் அன்று கடலுக்குப் போக வேண்டாம். இரண்டு சிலிண்டருக்கும் ஒரே காபரேட்டர் ஊட்டுகிற எஞ்சினில் ஒரு பிளக் மட்டும் மாறியிருந்தால், காபரேட்டரை விட்டுவிட்டு அந்தச் சிலிண்டரின் நெருப்பையும் அமுக்கத்தையும் பாருங்கள்.

விட்டு விட்டு ஓடுகிறது, இருமுகிறது: தண்ணீர்

மாரிகாலத்தில் திறந்த கலனில் எரிபொருள் வைத்தால் தண்ணீர் போகாமல் இராது. பாதித் தாங்கி வெறுமையாகக் கிடந்தாலும் இரவுக் குளிரில் உள்ளே வியர்க்கும். கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகால் திருகாணியைத் திறந்து, வருவதைக் கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். கொஞ்ச நேரம் அசையாமல் வைத்தால் தண்ணீர் அடியில் முத்து முத்தாகத் திரளும். மேலே எரிபொருள், கீழே தண்ணீர், நடுவே கோடு போட்ட மாதிரி பிரிந்து நிற்கும்.

தண்ணீரைக் கண்டால் கிண்ணத்தை மட்டும் வடித்துவிட்டு நிறுத்தாதீர்கள். தாங்கி முழுவதையும் வடியுங்கள். வடித்ததை வாவியில் ஊற்ற வேண்டாம். அந்தத் தண்ணீரில்தான் எங்கள் இறால் வளர்கிறது. போன தண்ணீர் உப்புத் தண்ணீர் என்றால் காபரேட்டரைக் கட்டாயம் திறக்க வேண்டும். அலுமினியத்தில் வெள்ளைப் பொடியும் பித்தளையில் பச்சைக் களிம்பும் கெதியாகப் பிடிக்கும். அதை விட்டுவைத்தால் இந்த மாதம் ஒரு கோளாறு, அடுத்த மாதம் இன்னொன்று என்று வந்துகொண்டே இருக்கும்.

காபரேட்டரிலிருந்து எரிபொருள் ஒழுகுகிறது

கிண்ணத்துக்குள் மிதவை ஒன்று இருக்கிறது. எரிபொருள் நிறைந்ததும் அது மேலெழுந்து ஊசி வால்வை மூடும். மூடாவிட்டால் வழியும். சிலவேளை ஊசியின் இருப்பிடத்தில் மணல் ஒன்று மாட்டியிருக்கும். காபரேட்டரின் பக்கத்தைத் திருப்புளிப் பிடியால் மெல்லத் தட்டினாலே விழுந்துவிடும். அதற்கும் நிற்காவிட்டால் கழற்ற வேண்டியதுதான்.

கழற்றிய மிதவையைக் காதருகே பிடித்து ஆட்டுங்கள். உள்ளே சளசளத்தால் ஓட்டை, மாற்ற வேண்டும். ஊசியின் முனையை நகத்தால் தடவிப் பாருங்கள். வளையமாகப் பள்ளம் விழுந்திருந்தால் அதுவும் முடிந்தது. பூட்டிய பிறகு காபரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, எரிபொருள் வரும் குழாயில் சுத்தமான ஹோஸ் துண்டு ஒன்றைப் போட்டு வாயால் ஊதுங்கள். காற்றுப் போகக்கூடாது. நிமிர்த்தினால் போக வேண்டும். ஒரு செலவும் இல்லாத சோதனை.

காபரேட்டர் வாய்வழியாக எரிபொருள் வெளியே துப்பினால் அது மிதவை அல்ல. பின்னால், கலவையை உள்ளே மட்டும் விடுகிற ரீட் தகடு உடைந்திருக்கலாம் அல்லது மூடாமல் நிற்கலாம். அதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

மண்ணெண்ணெய் எஞ்சின் காலையில் எடுக்கவில்லை

எங்கள் கரைகளில் இதைப் பற்றித்தான் அதிகம் கதைக்க வேண்டும். மண்ணெண்ணெய் குளிரில் பெற்றோல் மாதிரி ஆவியாகாது. அதனால்தான் இந்த எஞ்சின்களில் பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மாற்றுகிற திறப்பு இருக்கிறது. பெற்றோலில் எடுத்து, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். திரும்பி வரும்போது, கரைக்குச் சில நிமிடம் முந்தியே பெற்றோலுக்கு மாற்றி, கிண்ணத்தில் உள்ள மண்ணெண்ணெய் முழுக்க எரியும்வரை ஓட்ட வேண்டும்.

நடப்பது என்ன? மீன் எடுக்க வியாபாரி காத்திருப்பார், எல்லோருக்கும் அவசரம், அப்படியே நிறுத்திவிடுவோம். அடுத்த நாள் விடிய நாலு மணிக்குத் திறப்பைப் பெற்றோலுக்குத் திருப்பினாலும் கிண்ணத்தில் இருப்பது நேற்றைய மண்ணெண்ணெய். பிறகு இழுத்து இழுத்து, “மச்சான், கை போயிட்டு” என்று உட்கார வேண்டியதுதான்.

அப்படி ஆகிவிட்டால் இழுப்பதை நிறுத்துங்கள். இழுக்க இழுக்க அடியறையில் மண்ணெண்ணெய்தான் சேரும். கிண்ணத்தின் வடிகாலைத் திறந்து வடியுங்கள். திறப்பைப் பெற்றோலில் வைத்துப் புதிய பெற்றோல் வரும்வரை விடுங்கள். வடிகாலை மூடி, மேலே சொன்ன மாதிரி பிளக்குகளைக் கழற்றிப் பத்துத் தடவை இழுத்து உள்ளே தேங்கியதை வெளியே தள்ளுங்கள். பிளக்கைத் துடைத்துப் போட்டால் பெரும்பாலும் இரண்டு மூன்று இழுப்பில் எடுக்கும்.

2022 ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியதை எங்களில் யாரும் மறக்கவில்லை. அதிலிருந்து கிடைத்ததைக் கலந்து ஓட்டும் பழக்கமும் கூடியிருக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மண்ணெண்ணெய்க்கென்று செய்த எஞ்சினில் அமுக்கம் குறைவாக இருக்கும். பெற்றோலுக்கு மட்டும் செய்த எஞ்சினில் மண்ணெண்ணெய் விட்டால் பாரம் ஏறும்போது உள்ளே சுத்தியலால் தட்டுகிற மாதிரி சத்தம் வரும். அது பிஸ்டனின் தலையை அரிக்கிற சத்தம்.

புகை அதிகம், பிளக் அடிக்கடி கரிபிடிக்கிறது

சோக் முழுவதும் திறக்கிறதா என்று முதலில் பாருங்கள். உப்பில் இறுகிப் பாதியில் நிற்கும். அடுத்தது ஒயில். 50க்கு 1 என்று எஞ்சின் புத்தகம் சொன்னால் லீற்றருக்கு 20 மில்லிலீற்றர், 20 லீற்றர் தாங்கிக்கு 400 மில்லிலீற்றர். 25க்கு 1 என்றால் அதன் இரட்டிப்பு. போத்தல் மூடியால் கண்ணளவில் ஊற்றாமல் அளவுக் குவளை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெயிலும் ஒயில் கலந்தாக வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு விடுகிற டூ ஸ்ட்ரோக் ஒயில் இங்கே சரிவராது. தண்ணீரால் குளிரும் எஞ்சினுக்கென்று டிசி-டபிள்யூ3 என்று போத்தலில் போட்டிருக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள்.

மாரிக்கு முந்தி

போட்டைக் கரையேற்றும் நாளில் எஞ்சினை நல்ல தண்ணீர்ப் பீப்பாயில் வைத்துப் பெற்றோலில் எடுங்கள். உப்புக் கழுவியதும் ஹோஸைக் கழற்றிவிட்டு, ஸ்லோவில் தானாக நிற்கும்வரை விடுங்கள். பிளக்கைக் கழற்றிக் கொஞ்சம் ஒயில் விட்டு இரண்டு தடவை இழுத்துத் திரும்பப் பூட்டுங்கள். தாங்கியில் மிச்சமிருக்கும் பெற்றோலைத் தைமாதத்துக்கு வைக்காமல் யாருடைய மோட்டார் சைக்கிளுக்காவது கொடுத்துவிடுங்கள். அதில் ஒயில் கலந்திருப்பதைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். கடைசியாகக் கிண்ணத்தின் வடிகாலைத் திறந்து, அடியில் தங்கிய துளிகளையும் வடித்துவிட்டுத் திருகாணியை இறுக்குங்கள். இறுக்காமல் மறந்தால் தைமாதம் ரப்பர் குமிழை அமுக்கும்போது புதுப் பெற்றோல் அங்கிருந்துதான் ஒழுகும்.